பங்கு விலை மீண்டது, பறிபோனது மீளவில்லை

தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் கடைத்தெருவில் ஜவுளியோ பாத்திரமோ விற்கும் ஒரு குடும்பத்தின் பீரோவைத் திறந்தால் மூன்று ஆவணங்கள் இருக்க வாய்ப்புண்டு. ஒன்று, கடைக்கணக்குக்காகத் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியின் பாஸ்புக். இன்னொன்று, வீட்டார் அனைவருக்கும் சேர்த்து எடுத்த ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி. மூன்றாவது, கல்லூரி முடித்த பிள்ளை செல்போனிலேயே திறந்துகொண்ட டீமேட் கணக்கின் விவரம். அந்தக் கணக்கு பெரும்பாலும் சிடிஎஸ்எல் என்னும் பங்குக் காப்பகத்தில் இருக்கும். வங்கி தூத்துக்குடியில், காப்பீட்டு நிறுவனம் சென்னையில், காப்பகம் மும்பையில். தொழில் வெவ்வேறு என்றாலும் மூன்றும் நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு காத்துவைப்பது கணினியில் உள்ள ஒரு பதிவைத்தான்: உங்கள் பணம் இவ்வளவு, உங்கள் நோய் இன்னது, உங்கள் பங்குகள் இத்தனை. மூன்றும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை என்பதால், அதே குடும்பம் இவற்றின் வாடிக்கையாளராகவும் பங்குதாரராகவும் இருக்க முடிகிறது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டிவிட்டன. இந்த இரட்டை நிலை இனி ஊருக்கு ஒருவருக்கு வாய்க்கும் விஷயமில்லை.

இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் திருடன் புகுந்தான் என்று செய்தி வந்தால் அந்தக் குடும்பத்தில் யார் முதலில் பேசுகிறார்? அநேகமாகப் பங்குதாரர்தான். முதலீட்டாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப் அலசல்களிலும் அன்று ஓடும் பேச்சு எல்லோருக்கும் பழக்கமானது. “பேனிக் ஆகாதீங்க, ஹோல்டு பண்ணுங்க” என்பார் ஒருவர். “நல்ல கம்பெனி, கீழ வரும்போது அள்ளிப் போடுங்க” என்பார் அடுத்தவர். “எல்லாம் ரெண்டு நாள் நியூஸ்தான்” என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். சில வாரங்களில் விலை பழைய இடத்துக்கு வந்துவிட்டால், பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று பேச்சு அடங்கிவிடும். இந்தக் கடைசி முடிவுதான் தவறு. திருட்டுக்குப் பிறகு பங்கு விலை மீள்கிறது என்றால் சேதம் இல்லை என்று பொருளில்லை. சேதம் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை, வேறு யார் தலையிலோ இறங்கியிருக்கிறது என்பதே பல நேரங்களில் அதன் பொருள்.

உலகமே பார்த்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்கலாம். 2024 ஜூலை 19 காலை, நம் நேரப்படி 9.40 மணிவாக்கில், அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு அப்டேட் அனுப்பியது. வந்த கோப்பில் 21 விவரக் கட்டங்கள். அதைப் படிக்க வேண்டிய மென்பொருள் எதிர்பார்த்ததோ 20. இல்லாத இருபத்தோராவது கட்டத்தைத் தேடிப்போன கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. 78 நிமிடத்தில் அந்த அப்டேட் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் படுத்துவிட்ட சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே டெல்டா விமான நிறுவனம் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்து, 50 கோடி டாலர் நட்டம் என்றது. காப்பதற்கென்று வைத்த காவல் தானே இடறி விழுந்ததால் வந்த வினை இது; எந்தத் திருடனும் இதில் இல்லை. முதல் நாள் முடிவில் 343 டாலராக இருந்த கிரவுட்ஸ்ட்ரைக் பங்கு, அன்று மட்டும் 11 சதவீதம் சரிந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் 220 டாலருக்கும் கீழே போனது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் அது பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது.

விழுந்தபோது வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் விலை ஏன் மீண்டது? நவம்பரில் அந்த நிறுவனம் வெளியிட்ட காலாண்டுக் கணக்கில் விடை இருக்கிறது: சந்தா வருவாயில் 97 சதவீதம் அதன் கையை விட்டுப் போகவில்லை. ஆயிரக்கணக்கான கணினிகளில் ஊன்றிவிட்ட பாதுகாப்பு மென்பொருளைப் பிடுங்கி வேறொன்றை நடுவது ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாதக்கணக்கான வேலை. சந்தை எடைபோட்டது இதைத்தான். ஏரலில் ஒரு கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார் என்று தெரிந்தால் மறுநாளே கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும். ஊருக்கே அந்த ஒரு கடைதான் என்றால் முணுமுணுத்துக்கொண்டே அங்கேதான் வாங்கும், கல்லாப்பெட்டியை மட்டும் பார்ப்பவருக்கு அந்த முணுமுணுப்பு கேட்காது. பங்கு விலையும் கல்லாப்பெட்டிக் கணக்குதான். வாடிக்கையாளர் விலகுவாரா என்பதை அது சொல்லும். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாது.

இதற்கு இன்னும் அப்பட்டமான சான்று, அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து விற்கும் எக்விஃபாக்ஸ். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோனதாக 2017 செப்டம்பரில் வெளியானபோது, ஒரே வாரத்தில் பங்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. ஓட்டையை அடைக்கும் மென்பொருள் அந்த மார்ச் மாதமே இலவசமாக வெளிவந்திருந்தும் நிறுவனம் அதைப் போடவில்லை என்பது பிறகு தெரிந்தது. இருந்தும் ஏறக்குறைய இரண்டு ஆண்டில் விலை பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஏனென்றால் விவரம் பறிபோன அந்த மக்கள் எக்விஃபாக்ஸின் வாடிக்கையாளர்களே அல்ல. வங்கிகள்தான் காசு கொடுத்து வாங்குபவர்கள், மக்கள் வெறும் சரக்கு. சரக்குக்குக் கோபம் வந்தால் வியாபாரம் படுத்துவிடாது.

நம் ஊருக்கு வருவோம். 2006இல் சென்னையில் தொடங்கி 2021 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது ஸ்டார் ஹெல்த். அதன் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் செயலியில் தானியங்கி உரையாடிகள் வழியே கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக அந்தத் திருடன் சொல்லிக்கொண்டான். பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு நிற்கவில்லை. அடையாள அட்டை நகல், மருத்துவப் பரிசோதனை முடிவு, என்ன நோய் என்ற குறிப்பு வரை அதில் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போய் டெலிகிராம் மீதும் அந்தத் திருடன் மீதும் தடை உத்தரவு வாங்கியது. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததாகப் பின்னர் சொன்னது. பங்கு அடுத்த சில வாரங்களில் 11 சதவீதம் போல இறங்கியது. முதலீட்டாளர் பேச்சு அந்த 11 சதவீதத்தைச் சுற்றித்தான் நடந்தது. அதன் வெளியீட்டு விலை 900 ரூபாய். கசிவுக்கு வெகு முன்பே விலை அதற்குக் கீழே போய்விட்டிருந்தது. இந்தப் பங்கை நகர்த்துவது பெரும்பாலும் இழப்பீடாகக் கொடுக்க வேண்டிய தொகை கூடுகிறதா குறைகிறதா என்ற கணக்குதான். பாலிசிதாரரின் நோய்க்குறிப்பு யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த விலையில் இடமே இல்லை.

பாலிசிதாரர் பக்கமிருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும்? காப்பீட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் அறுபது வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவரைப் புதிய நிறுவனம் மறுபடி சீர்தூக்கிப் பார்த்துத்தான் சேர்க்கும், சேர்க்காமலும் போகலாம். ஆகவே அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிவிடலாம். பிறந்த தேதியையும் வந்த நோயையும் மாற்ற முடியாது. பாலிசி எண், சிகிச்சை பெற்ற மருத்துவமனை, வாங்கிய தொகை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் தொலைபேசியில் பேசினால், படித்தவர்களும் நம்பித்தான் ஓடிபி எண்ணைச் சொல்வார்கள். அப்படிப் போகும் பணம் காவல் துறையின் 1930 எண்ணுக்கு வரும் புகாராகப் பதிவாகும். எந்த நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கிலும் வராது.

சிடிஎஸ்எல் விஷயம் இன்னும் நுட்பமானது, ஏனென்றால் சிறு முதலீட்டாளர்கள் விரும்பி வாங்கும் பங்கும் அதுவே, அவர்கள் எல்லாப் பங்குகளையும் வைத்திருக்கும் பெட்டகமும் அதுவே. 2017 ஜூனில் 149 ரூபாய்க்கு வெளியான பங்கு. 2021 அக்டோபரில், அதன் துணை நிறுவனத்திலிருந்த ஒரு ஓட்டையால் 4.39 கோடி முதலீட்டாளர்களின் விவரங்கள் திறந்து கிடந்தன என்று சைபர்எக்ஸ்9 என்ற ஆய்வு நிறுவனம் கூறியது. 2022 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை, சில உள் கணினிகளில் மால்வேர் புகுந்திருப்பதைக் கண்டுபிடித்து, சிடிஎஸ்எல் தன்னைச் சந்தையின் மற்றக் கணினிகளிலிருந்து துண்டித்துக்கொண்டது. அன்றைய பங்குப் பரிமாற்றக் கணக்கு ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. முதலீட்டாளர் விவரம் எதுவும் பறிபோனதாகத் தெரியவில்லை என்று நிறுவனம் சொன்னது. துண்டித்துக்கொண்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மறைத்துக்கொண்டு ஓட்டியிருந்தால் விபரீதமாகியிருக்கும். அப்போது 1,200 ரூபாய் அளவில் இருந்த பங்கு 2024 ஜூலைக்குள் இரண்டு மடங்கானது. நாட்டில் இருப்பதே இரண்டு காப்பகங்கள். எதில் கணக்கு என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நம் தரகு நிறுவனம். விலகிப் போக முடியாத வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும்போது விலை ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைக் காட்டிப் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்று வாதிட முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வைத்து முடிவு செய்வதுதான் விலை. எதிர்கால வழக்கு, அபராதம், பெயர்க்கேடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தானே அது நிற்கிறது, தனி ஒருவர் அதைவிட என்ன கண்டுவிடப் போகிறார் என்பார்கள். தெரிந்ததை எடைபோடுவதில் சந்தை கெட்டிக்காரத்தனமானதுதான். தெரியாததை அது எப்படி எடைபோடும்? கோடக் மகிந்திரா வங்கியின் கதையைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 24 அன்று, ஆன்லைன் வழியே புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கவும் புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் அந்த வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. மென்பொருள் ஓட்டைகளை அடைப்பது, யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற கட்டுப்பாடு, தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றில் 2022, 2023 என இரண்டு ஆண்டுச் சோதனைகளிலும் கடும் குறைகள் கண்டதாக அது காரணம் சொன்னது. இரண்டு ஆண்டாக வங்கிக்குத் தெரியும், ரிசர்வ் வங்கிக்கும் தெரியும். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதில் தெரிந்தது. மறுநாள் 10 சதவீதத்துக்கு மேல் சரிவு. எக்விஃபாக்ஸில் இன்னும் மோசம். களவு வெளியே சொல்லப்படும் முன்பே தன் பங்குகளை விற்றுவிட்ட ஒரு உயர் அதிகாரி சிறைக்குப் போனார். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கையில், வெளியே உள்ளவர்கள் கூடி நிர்ணயித்த விலையை எப்படிப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது?

உள்ளே இருக்கும் குறை வெளியே தெரியாமல் கிடப்பதைத் தூத்துக்குடி வங்கியிலும் பார்த்தோம். 2023 செப்டம்பரில், சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு இளைஞரின் மெர்க்கண்டைல் வங்கிக் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவானதாகச் செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்தவர், சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்ப, அது போய்ச் சேர்ந்துவிட்டது. அரைமணி நேரம் போல ஆனபின் வங்கி மீதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் வங்கியின் மொத்த வைப்புத்தொகையே 47,000 கோடி ரூபாய் சொச்சம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த தொகை ஒரு தவறான பதிவாக ஒருவர் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாதக் கடைசியில் நிர்வாக இயக்குநர் சொந்தக் காரணம் என்று கூறிப் பதவி விலகினார். சமூக ஊடகங்களில் இது சிரிப்புச் செய்தியாக ஓடியது. பங்குதாரர் கேட்க வேண்டியிருந்த கேள்வி சிரிப்புக்குரியதல்ல: இவ்வளவு பெரிய தொகையை இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் அமைப்பு எப்படி அனுமதித்தது? வெளியிலிருந்து வரும் திருடனும் கடைசியில் இதே கதவு வழியாகத்தானே வருவான்?

நிறுவனங்கள் இதையெல்லாம் வெளியே சொன்னால் திருடனுக்கே வழிகாட்டியதாகும் என்ற வாதத்தையும் கேட்கிறோம். பூட்டு எந்த மாதிரி என்று யாரும் கேட்கவில்லை. எப்போது நடந்தது, எத்தனை பேருக்குப் பாதிப்பு, அவர்களுக்குச் சொல்லியாயிற்றா, மறுபடி நடக்காமல் இருக்க எவ்வளவு செலவிடுகிறீர்கள், யார் பொறுப்பு என்று கேட்கிறோம். இவற்றில் திருடனுக்குப் பயன்படுவது எதுவுமில்லை. அமெரிக்காவில் 2023 டிசம்பரிலிருந்து, பெரிய பாதிப்பு என்று தெரிந்த நான்கு வேலை நாளுக்குள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் பகிரங்கமாக அறிக்கை தர வேண்டும். நம் நாட்டில் ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு வந்தது, ஆனால் அது அரசுக்குள் போகும் தகவல். பட்டியலிட்ட நிறுவனங்கள் இணையத் தாக்குதலையும் தரவு இழப்பையும் காலாண்டு நிர்வாக அறிக்கையோடு சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2023இல் விதி செய்தது. நல்ல விதி, மூன்று மாதம் காத்திருக்க விடுவதுதான் குறை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. அந்த அபராதம் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் நட்டஈடு கேட்க வழி வைத்துள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகை செய்கிறது. நோய்க்குறிப்பு பறிபோனவருக்கு அந்த அபராதத்தில் ஒரு ரூபாயும் இல்லை. சேதம் யார் தலையில் இறங்குகிறது என்ற கேள்விக்குச் சட்டமே இப்படிப் பதில் சொன்னால், அதைத் தட்டிக் கேட்க மிஞ்சியிருப்பது வாடிக்கையாளராகவும் உள்ள பங்குதாரர்தான்.

பத்துப் பங்கு வைத்திருப்பவர் பேச்சை யார் கேட்பார்கள் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு, இந்தத் தாமிரபரணிச் சீமையின் சொந்த வரலாறே பதில் சொல்லும். 1920இல் பொள்ளாச்சியில் கூடிய நாடார் மகாஜன சங்கத்தில் வங்கி தொடங்கும் எண்ணம் உருவாகி, மறு ஆண்டு தூத்துக்குடியில் நாடார் வங்கி திறக்கப்பட்டது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்ற இன்றைய பெயருக்கு மாறியது. 1990களில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஸ்டெர்லிங் குழுமத்துக்கும் அங்கிருந்து எஸ்ஸார் குழுமத்துக்கும் கைமாறியபோது, தென் மாவட்ட வியாபாரிகள் பணம் திரட்டிப் பங்குகளை மீட்க இயக்கமே நடத்தினார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்ட அந்த இயக்கத்தில் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல முடியாது. வழக்கும் இழுபறியும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. ஆனால் பங்கு என்பது விலை பார்க்கும் சீட்டு மட்டுமில்லை, அது உரிமை என்று அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. 2022 செப்டம்பரில் வங்கி பொதுப் பங்கு வெளியிட்ட பிறகு அந்த உரிமை எந்தச் சமூகத்தவருக்கும், எந்த ஊர்க்காரருக்கும் திறந்துவிட்டது. அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

ஆகவே பாதுகாப்புச் செய்தி வரும் அடுத்த முறை, விலை எங்கே நிற்கும் என்று பேசுகிற குழுக்களில் இன்னொரு பேச்சையும் தொடங்கிவையுங்கள். வாங்குவதா விற்பதா என்பது அவரவர் பாடு, அதை இந்தக் கட்டுரை சொல்ல முடியாது. நிறுவனத்தின் காலாண்டு நிர்வாக அறிக்கை மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் யாரும் இலவசமாகப் படிக்கக் கிடக்கிறது; இணையத் தாக்குதல் பற்றிய பகுதியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடத்தில் உள்ள நிறுவனங்களில் இடர் மேலாண்மைக் குழு கட்டாயம், இணையப் பாதுகாப்பு அதன் பொறுப்பில் வருகிறது. அது ஆண்டில் எத்தனை முறை கூடியது, அதில் கணினி தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். வருடாந்திரப் பொதுக்கூட்டங்களைப் பல நிறுவனங்கள் 2020க்குப் பிறகு காணொளி வழியாகவே நடத்துகின்றன. மும்பைக்கோ சென்னைக்கோ ரயில் ஏற வேண்டியதில்லை. கூட்ட அறிவிப்பில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு, சொன்ன தேதிக்குள் உங்கள் பெயரையும் கேள்வியையும் அனுப்பினால் போதும். அதற்கு ஒரே ஒரு பங்கு இருந்தால் போதுமானது.